யூவி லைனர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: சாலையைத் தோண்டாமல் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்யும் முறை

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் முதல் நாளே பார்க்க ஆசைப்படுவது, குழாய்க்குள் லைனரை இறுக வைக்கும் புற ஊதா (யூவி) விளக்கு எரிவதைத்தான். மேன்ஹோல் ஓரத்தில் நின்றால் அது கண்ணில் படாது, படவும் கூடாது. வேனுக்குள் இருக்கும் திரையில் ஒரு வெள்ளை ஒளி மெல்ல நகர்வது தெரியும், அவ்வளவுதான். 40 மீட்டர் நீளமுள்ள சின்னக் குழாய் என்றால் முக்கால் மணி நேரத்தில் அது முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வேலை கிடக்கிறது. குழாய் உருப்படியாக வருமா என்பது அந்த நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. விளக்கு ஓடியபின் உள்ளே இருந்தது இருந்தபடியே இறுகிவிடும். மடிப்பு இருந்தால் மடிப்போடு, அடியில் ஒரு கூழாங்கல் கிடந்தால் அந்த மேட்டோடு.

நான் சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாய் லைனிங் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்து எங்கள் குழுவில் சேருபவர்களுக்கு வாயால் சொல்லிக்கொடுப்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் மனத்தில் வைத்திருப்பது 200 மி.மீ. சுட்ட களிமண் குழாய், இரண்டு மேன்ஹோலுக்கு நடுவே ஒரு ஓட்டம். அழுத்தம், வேகம், இழுவிசை எல்லாம் லைனருக்கு லைனர் மாறும். தயாரிப்பாளர் தரும் அட்டவணையை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும், என் ஞாபகத்தையோ உங்கள் ஞாபகத்தையோ வைத்து அல்ல.

லைனர் என்பது என்ன

பழைய குழாய்க்குள் இன்னொரு குழாயை உருவாக்குகிறோம். 1971இல் லண்டனில் எரிக் வுட் என்பவர் ரெசினில் (இறுகினால் கெட்டியாகும் பிசினில்) நனைத்த துணிக்குழாயை ஒரு பழைய சாக்கடைக்குள் செலுத்தி அங்கேயே இறுக வைத்தார். இன்று உலகம் முழுக்க நடக்கும் லைனிங் வேலைக்கு அதுதான் தொடக்கம். அந்த வழியில் வந்த துணி லைனரை வெந்நீராலோ நீராவியாலோ இறுக்குவார்கள். நாம் செய்வது கண்ணாடி இழை லைனர், அதை இறுக்குவது புற ஊதா ஒளி.

லைனரின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். வெளியே ஒளியைத் தடுக்கும் பிளாஸ்டிக் படலம். நடுவில் ரெசினில் ஊறிய கண்ணாடி இழைத் துணி. உள்ளே கண்ணாடி போல் ஒளி புகும் படலம். விரலால் அழுத்திப் பாருங்கள், தண்ணீரில் ஊறிய தோல் போல வளையும். ரெசினில் ஒளிக்கென்றே ஒரு பொருள் கலந்திருக்கும். புற ஊதா ஒளி பட்டதும் அது உடைந்து, ரெசினிலுள்ள ஸ்டைரீன் மூலக்கூறுகள் பாலியெஸ்டர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கத் தொடங்கும். பிணைப்பு நடக்கும்போது வெப்பமும் வெளிவரும். கண்ணாடி இழை நனைந்ததும் ஒளியை ஊடுருவ விடுவதால்தான் வெளிப்புறம் வரை இறுகுகிறது. ஒளி போகாத இடம் இறுகாமல் பச்சையாகவே நிற்கும். இது ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பல விஷயங்களுக்குக் காரணம் தானே புரியும்.

எல்லாக் குழாய்க்கும் லைனர் போட முடியாது. விரிசல், இணைப்பு வழியாக நிலத்தடி நீர் கசிவது, மரவேர் நுழைவது, உள்சுவர் அரித்துப்போவது, இவற்றுக்கெல்லாம் சரியான மருந்து. குழாய் இடிந்து விழுந்திருந்தாலோ, நசுங்கி வடிவம் கெட்டிருந்தாலோ, இணைப்பு பெரிதாக விலகியிருந்தாலோ அந்த இடத்தை மட்டுமாவது தோண்டித்தான் ஆக வேண்டும். குழாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்குகிறதா? லைனரும் அதே தொய்வில்தான் படுக்கும், தண்ணீரும் அங்கேயே தேங்கும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மேன்ஹோல் மூடியைத் திறப்பதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஊரில் இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் மேன்ஹோலுக்குள் இறங்கியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவில் 2013இலேயே சட்டம் வந்தும் அந்தச் சாவுகள் நின்றபாடில்லை. "அஞ்சு நிமிஷம்தானே, இறங்கிட்டு வந்துடறேன்" என்கிற பேச்சு அங்கிருந்துதான் நம் வாயில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சிங்கப்பூரில் மேன்ஹோலுக்குள் இறங்குவது 2009ஆம் ஆண்டின் அடைபட்ட இட வேலைப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வருகிறது. எழுத்தில் அனுமதி வேண்டும். காற்றைச் சோதிக்க வேண்டும். மேலே ஒருவர் நின்றே ஆக வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எரியக்கூடிய வாயு அதன் வெடிப்பு எல்லையில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு 10 பிபிஎம் வரம்பு. அழுகிய முட்டை வாடை அடிப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அந்த வாயு கூடும்போது மூக்கு மரத்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து முற்றியிருக்கும். மீட்டரை மேல், நடு, அடி என மூன்று ஆழத்திலும் இறக்கிப் பாருங்கள். இறங்குபவர் உடம்பிலும் ஒரு மீட்டர் இருக்கட்டும். 2024 மே மாதம் சுவா சூ காங் நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சுவாசித்து இறந்தவர் இந்தியாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் நீங்கள் குதிக்கக் கூடாது. முக்காலியும் வின்ச்சும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) மேலே நிறுத்தி வைத்திருப்பது அந்த நேரத்துக்காகத்தான்.

தண்ணீரைத் திருப்புவது, குழாயைக் கழுவுவது

மேல் மேன்ஹோலில் காற்றடைப்புப் பிளக்கை வைத்துத் தண்ணீரை நிறுத்தி, பம்ப் மூலம் கீழ் மேன்ஹோலுக்குத் தாண்டவிடுகிறோம். உபரியாக ஒரு பம்ப் எரிபொருளோடு தயாராக நிற்க வேண்டும். சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனிதான், என்றாலும் மாலை இடிமழை அடித்தால் மேன்ஹோல் மூடி வழியாகவும் விரிசல் வழியாகவும் தண்ணீர் ஏறிவிடும். வானத்தைப் பார்த்து நாள் குறியுங்கள். பிளக்கைக் கயிற்றால் கட்டி வையுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் பிளக்குக்கு நேர் எதிரே ஆள் இறங்கி நிற்கக் கூடாது, அது பிடுங்கிக்கொண்டு வந்தால் தப்ப நேரம் இருக்காது.

அந்த ஓட்டத்தில் சேரும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் முன்னதாகவே அறிவிப்பு போக வேண்டும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதோடு இன்னொன்றையும் சொல்லுங்கள்: வேலைக்கு முந்தின இரவு குளியலறைத் தரை வடிகாலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வடிகாலின் வளைவில் தண்ணீர் நின்றால்தான் ரெசின் வாடை வீட்டுக்குள் ஏறாது. ரொம்ப நாள் புழங்காத அறையில் அந்தத் தண்ணீர் வற்றிப் போயிருக்கும்.

கழுவுவது, அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சும் ஜெட்டிங் லாரியின் வேலை. ஹோஸைக் கீழ் மேன்ஹோலிலிருந்து மேல்நோக்கி அனுப்புங்கள். பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் அழுக்கை நம்மிடமே இழுத்துக்கொண்டு வரும், அங்கே உறிஞ்சி எடுத்துவிடலாம். சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் வரிசையில் எண்ணெய் கட்டிப்பட்டு, சோப்புக்கட்டி போல ஒட்டியிருக்கும். ஒரு தடவை ஜெட் போட்டால் வழவழப்பாகத் தெரியும், சுத்தமாகிவிட்டது என்று தோன்றும். இன்னும் இரண்டு தடவை போடுங்கள். வேரை வெட்டும் கருவி தனி. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைக்குழாயின் முனையை ரோபோ கட்டரால் சுவரோடு சுவராகத் தேய்த்துவிட வேண்டும். இணைப்பு வழியாக நிலத்தடி நீர் ஊற்றிக்கொண்டிருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

அளவெடுப்பது: இங்கேதான் பாதி வேலை

கழுவி முடித்ததும் கேமரா ஓட்டுகிறோம். கேமராவின் தூரமானியைக் குழாயின் வாயில் பூஜ்யம் வைத்துத் தொடங்குங்கள், மேன்ஹோலின் நடுவில் அல்ல. ஒவ்வொரு கிளைக்குழாயையும் (நாங்கள் லாட்டரல் என்போம்) இரண்டு எண்ணால் குறிக்க வேண்டும்: எத்தனையாவது மீட்டர், கடிகாரத்தில் எத்தனை மணி நிலை. உச்சி 12, அடி 6. அந்த லாட்டரலில் இப்போதும் தண்ணீர் வருகிறதா என்பதையும் எழுதுங்கள். பழைய, அடைத்துவிட்ட இணைப்பை யாரும் திறக்க வேண்டியதில்லை.

எந்த மேன்ஹோலிலிருந்து அளந்தீர்கள் என்பதைப் பக்கத்தின் தலையில் பெரிதாக எழுதுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் ஒரு 41.6 மீட்டர் ஓட்டம். கேமராவை மேல் மேன்ஹோலிலிருந்து ஓட்டி, 13.2 மீட்டரில், 10 மணி நிலையில் ஒரு லாட்டரலைக் குறித்திருந்தேன். லைனர் இறுகியபின் கட்டரைக் கீழ் மேன்ஹோலிலிருந்து அனுப்பினோம். கீழேயிருந்து பார்த்தால் அது 28.4 மீட்டர், இடம் வலமாக மாறி 2 மணி நிலை. நான் மாற்றிக் கணக்கிடாமல், 13.2இலேயே நிறுத்தி வெட்டினேன். அங்கே இணைப்பில் இருந்த லேசான பள்ளத்தை லாட்டரல் என்று கண் நம்பிவிட்டது. வெட்டுத்தலை லைனரைத் தாண்டிக் களிமண்ணைக் கடித்துச் சிவப்புத் தூள் பறந்தபோதுதான் கை நின்றது. அதற்குள் அந்த லாட்டரல் மூடிக்கிடந்த வீட்டில் தரை வடிகால் வழியாகக் கழிவு மேலேறிவிட்டது. துடைப்பமும் வாளியுமாக நின்ற அந்த வயதான அம்மா எங்களைத் திட்டவில்லை, "எப்போது முடியும்?" என்று மட்டும் கேட்டார். துளை போட்ட நல்ல குழாய்க்கு உள்ளேயே ஒட்டு போட வேண்டியதாயிற்று. அன்று முதல் என் குறிப்பேட்டில் ஒவ்வொரு லாட்டரலுக்கும் இரண்டு பக்கக் கணக்கும் இருக்கும், வெட்டுவதற்கு முன் இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார்.

விட்டத்தையும் கையால் அளந்துவிடுங்கள். வரைபடத்தில் 200 என்று இருக்கும், உள்ளே வேறாக இருக்கும். லைனரைக் குழாயைவிடச் சற்றுச் சின்னதாகத் தைத்து, காற்றில் விரிந்து சுவரைத் தொடும்படி செய்கிறார்கள். குழாய் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தால் மிஞ்சும் துணி மடிப்பாக நிற்கும். பெரிதாக இருந்தால் லைனர் சுவரை எட்டாது, நடுவில் சந்து விழும். இரண்டு மேன்ஹோலிலும் குழாய் வாயைக் கிடையாகவும் நெட்டாகவும் அளந்து எழுதுங்கள். நீளத்துக்கு, வாய்க்கு வாய் அளவோடு இரண்டு முனையிலும் பேக்கர் (லைனரின் வாயை அடைக்கும் அடைப்பான்) கட்டும் துண்டையும் சோதனைக்கு வெட்டும் துண்டையும் கூட்டிச் சொல்லுங்கள். தடிமனைப் பொறியாளர் கணக்கிடுவார். ஆழம், நிலத்தடி நீர்மட்டம், மேலே ஓடும் வண்டிச் சுமை, குழாய் எவ்வளவு நசுங்கியிருக்கிறது, எல்லாம் அதில் வரும்.

லைனரை இழுப்பது

லைனர் தொழிற்சாலையிலேயே ரெசினில் ஊறி, மரப்பெட்டியில் விசிறி மடிப்பாக வரும். துணி லைனர் போல ஐஸ் லாரியில் கிடத்த வேண்டிய அவசியம் இல்லை என்பது இதன் பெரிய வசதி. அதற்காக நண்பகல் வெயிலில் பெட்டியை விட்டுவிடாதீர்கள். நிழல், மூடிய பெட்டி, லேபிளில் உள்ள தேதி, மூன்றையும் பாருங்கள். படலத்தில் கீறல் இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும், அந்தக் கீறல் வழியாக வெளிச்சம் புகுந்தால் அந்த இடம் முன்னாலேயே இறுகிவிடும். கையுறை போடாமல் முனையைத் தொடாதீர்கள். ரெசின் தோலில் பட்டால் உடனே கழுவுங்கள்.

முதலில் குழாயின் கீழ்ப்பாதியில் வழுக்குத்தாளை இழுத்து விரிக்கிறோம். லைனரின் அடி உரசிக் கிழியாமல் காப்பது அதுதான். பிறகு லைனர் முனையை மடித்துக் கட்டி வின்ச் கயிற்றில் மாட்டுங்கள். மேன்ஹோல் விளிம்பிலும் குழாய் வாயிலும் உருளை வையுங்கள். பெட்டிப் பக்கம் இரண்டு பேர் ஊட்டிவிட, ஒருவர் வாயில் பார்த்துக்கொள்ள, வின்ச்காரர் விசைமானியைப் பார்த்தபடி நிதானமாக இழுக்க வேண்டும். லைனரில் மேல்பக்கக் கோடு ஒன்று போட்டிருக்கும், அது திரும்பினால் லைனர் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். விசை ஏறிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். "இன்னும் மூணு மீட்டர்தான், இழுத்துடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அளவுக்கு மீறி இழுத்த லைனர் நீளத்தில் நீண்டு சுற்றளவில் சுருங்கும், பிறகு காற்று அடித்தாலும் சுவரை எட்டாது.

காற்று, கேமரா, விளக்கு

இரண்டு முனையிலும் பேக்கரைச் செருகி, ராட்செட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுகிறோம். மேன்ஹோலுக்குள் வெளியே நிற்கும் லைனர் துண்டுக்கு மேலே துணிச்சட்டை போட வேண்டும். சட்டை இல்லாவிட்டால், குழாய்ச்சுவர் தாங்காத அந்தத் துண்டு பலூன் போல உப்பி வெடித்துவிடும். காற்று ஏறத் தொடங்கியதும் மேன்ஹோலுக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது.

அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். ஒரு படி, ஒரு காத்திருப்பு, அடுத்த படி. கண்ணாடி இழைத் துணி மெல்ல விரிந்து இடம் பிடிக்க நேரம் கேட்கும். வேகமாக ஏற்றினால் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் மடிப்பு விழும். விளக்குத் தொடரைப் பேக்கர் வழியாக உள்ளே வைப்பதற்கு முன் விளக்குக் குழல்களை ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், விரல் ரேகைகூட இருக்கக் கூடாது. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்ற பதிவையும் பாருங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று எரியும் பழைய விளக்கில் புற ஊதா ஒளி குறைந்து போயிருக்கும்.

இப்போது முழு அழுத்தத்தில், விளக்கை அணைத்தபடியே தொடரை மறுமுனை வரை இழுத்துக்கொண்டு முன்கேமராவில் பாருங்கள். அவசரப்படாமல் பாருங்கள். மடிப்பு, உப்பல், ஒட்டாத இடம், லாட்டரல் வாயில் தெரியும் பள்ளங்கள், எல்லாவற்றையும் குறியுங்கள். மடிப்பு கண்டால் அழுத்தத்தை இறக்கி மறுபடி ஏற்றிப் பார்க்கலாம், அதற்கும் சரியாகவில்லை என்றால் லைனரை வெளியே இழுத்துவிடலாம். ஒரு லைனர் வீணாவது பெரிய செலவுதான். ஆனால் இறுகிப்போன லைனரைச் செதுக்கி எடுப்பது பல நாள் வேலை, சில இடங்களில் கடைசியில் சாலையைத் தோண்டுவதில் போய் முடியும். மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்துப் பயந்து சும்மா இருந்துவிடாதீர்கள். திரையில் பார்த்ததை அப்போதே சொல்லுங்கள்.

எல்லாம் சரி என்றால் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறோம். அட்டவணை சொல்லும் நேரம் அதே இடத்தில் நிறுத்தி, பிறகு நகர்த்துகிறோம். வேகம் விட்டம், தடிமன், விளக்கின் திறன் மூன்றையும் பொறுத்தது. சின்னக் குழாயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். வேகமாக இழுத்தால் வெளிப்புறம் பச்சையாக நிற்கும். நிறுத்திவிட்டால் உள்படலம் கருகும். ஒரு விளக்கு அணைந்துவிட்டால் அதற்கென்று அட்டவணையில் உள்ள குறைந்த வேகத்துக்கு வாருங்கள். தொடரில் உள்ள உணர்கருவிகள் சுவரின் வெப்பத்தைக் காட்டிக்கொண்டே வரும். ரெசின் இறுகும்போது அது சடசடவென ஏறும். ஏறவே இல்லை என்றால் அங்கே தண்ணீர் கசிந்து குளிர்விக்கிறதா, விளக்கு பலவீனமா என்று பார்க்க வேண்டும். வேகம், அழுத்தம், வெப்பம் மூன்றும் கணினியில் நொடிக்கு நொடி பதிவாகும், அந்தப் பதிவு இல்லாத லைனரை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். எரியும் விளக்கை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. வெல்டிங் ஒளியைப் பார்த்தவனுக்கு இரவில் கண்ணில் மணல் போட்டது போல் இருக்குமே, அதேதான்.

வாடையும் ஆறவைப்பதும்

கடைசி விளக்கு அணைந்தபின்னும் காற்று ஓடிக்கொண்டிருக்கட்டும். சுவர் ஆறாமல் அழுத்தத்தை விட்டால் லைனர் சுருங்கி நகரும். ஆறியபின் பேக்கரைக் கழற்றும்போது ஸ்டைரீன் வாடை, பிளாஸ்டிக் பசை போல், பக்கென்று அடிக்கும். 2017இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீராவி லைனிங் நடக்கும் இடங்களில் எழும் வெண்புகையைச் சோதித்து, அது வெறும் நீராவி அல்ல, ஸ்டைரீன் உள்ளிட்ட பல வேதிப்பொருள்களின் கலவை என்று காட்டினார்கள். நமது முறையில் அந்த வெண்புகை எழுவதில்லை. அதற்காக ஸ்டைரீன் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஊதுவிசிறி போட்டு, ரசாயன வடிகட்டி உள்ள முகமூடி அணிந்து, மறுபடி காற்றைச் சோதித்த பிறகே இறங்குங்கள். தலை சுற்றினால் மேலே வந்துவிடுங்கள், சொல்ல வெட்கப்படாதீர்கள். பிறகு உள்படலத்தை இழுத்து எடுத்து, முனைகளை அறுத்து, சோதனைத் துண்டில் மேன்ஹோல் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

லாட்டரல் திறப்பதும் ஒப்படைப்பதும்

கசிவுச் சோதனை இருந்தால் லாட்டரலைத் திறப்பதற்கு முன் அதை முடித்துவிட வேண்டும், திறந்தபின் அழுத்தம் நிற்காது. பிறகு ரோபோ கட்டர். குறித்த தூரத்தில் நிறுத்தி, லைனரில் பள்ளம் தெரிகிறதா பாருங்கள், கணக்கும் கண்ணும் ஒத்துப்போக வேண்டும். நடுவில் முதலில் ஒரு சின்னத் துளை. தண்ணீர் வழிந்தால் சரியான இடம். அதன்பின் ஓரத்தை நோக்கி மெல்லப் பெரிதாக்கி, கம்பித் தூரிகையால் விளிம்பை வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பான விளிம்பில் துணியும் முடியும் மாட்டி, சில மாதத்தில் அடைப்பு வரும். தண்ணீர் வரும் லாட்டரல் ஒன்றையும் மறுநாளைக்கு விட்டுவைக்காதீர்கள். மேன்ஹோலில் லைனருக்கும் பழைய குழாய்க்கும் இடையே உள்ள சந்தை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிநீர் லைனரின் முதுகு வழியாகவே ஓடிவந்து மேன்ஹோலில் ஒழுகும்.

சோதனைத் துண்டு ஆய்வகத்துக்குப் போகும். அங்கே வளைத்துப் பார்த்து வலிமையையும், தடிமனையும், நீர் கசியாமையையும் அளப்பார்கள். கடைசியாக ஒரு தடவை கேமரா. லாட்டரல் பட்டியலை கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். ஆட்களை எண்ணுங்கள், கருவிகளை எண்ணுங்கள். அதன்பின் பிளக்கின் காற்றை மேலே நின்றபடி மெல்ல மெல்ல இறக்குங்கள், தேங்கிய தண்ணீர் ஒரேயடியாகப் பாயக் கூடாது. கீழ் மேன்ஹோலில் தண்ணீர் வழக்கமான மட்டத்தில் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பம்பை நிறுத்தி, மூடியைப் போடுங்கள்.